பதினேழு மல்லாட்டை

என் வயதுக்காரர்களே, போன தை மாதம் எங்கள் விழுப்புரம் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. அறுபதைத் தாண்டிய பெண்களை எல்லாம் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த தாலந்தை அவருடைய நாமத்துக்கு மகிமையாக எப்படிப் பயன்படுத்தினீர்கள், ஆளுக்கு இரண்டு நிமிஷம் சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். ஒருவர் பாட்டு என்றார். ஒருவர் முப்பது வருஷமாகக் கோயில் விருந்துக்குச் சோறு வடித்ததைச் சொன்னார். இன்னொருவர் திருவிருந்து மேசைத் துணிக்கு ஓரம் பின்னியதைச் சொல்லி அழுதுவிட்டார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஆன்ட்டிக்குக் கூச்சம் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கூச்சம் இல்லை. ஆண்டவர் எனக்குக் கொடுத்தது இன்னதென்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதும் தெரியும். மைக்கில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டதால் வரி கோணும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் வல்லத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. எங்கள் தெரு முழுக்க வேதக்காரர்கள். யாருக்கும் நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் மல்லாட்டைக் கொல்லையிலும் கேப்பைக் கொல்லையிலும்தான் வேலை. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம், வயலைக் கொல்லை என்போம். தெருக்கோடியில் ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில். மாதத்துக்கு ஒரு தடவை திண்டிவனத்திலிருந்து ஐயர் வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பிரசங்கம், வேதபாடம் எல்லாம் உள்ளூர் உபதேசியார் ஒருவரே. அவருக்கு இழுப்பு உண்டு. மூக்கால் வாசிப்பார். பாதியில் மூச்சு வாங்கும். எங்கே ஆரம்பித்தார், எங்கே முடித்தார் என்று ஆமென் சொன்ன பிறகுதான் தெரியும்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் மாசியில் என் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். ஆவணியில் நைனா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். சித்தி மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண். போர்டிங்கில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார். நைனா கைநாட்டு. கோயில் கல்யாணப் பதிவேட்டில் சித்தி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது நைனாவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மாவும் கைநாட்டுதான்.

நைனா சும்மா இருக்கவில்லை. படித்த பெண்சாதி என்று உபதேசியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு முதல் வேதபாடம் அந்தம்மாவே வாசிக்கட்டும் என்று அவரும் சபையில் அறிவித்துவிட்டார். எங்கள் கோயிலில் அதுவரை ஒரு பெண் முன்னால் போய் நின்று வாசித்ததில்லை.

அன்று சாயங்காலம் புறக்கடையில் புங்கமரத்தடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தி வேதப்புத்தகத்தை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்குச் சபையார் கொடுத்தது. கறுப்பு அட்டை, தாள் ஓரமெல்லாம் சிவப்பு, திறந்தால் புதுச் செருப்பு மாதிரி ஒரு வாசனை. எழுத்து பொடிசாக இருக்கிறது, கொஞ்சம் படித்துக் காட்டு என்றாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். மூன்றாம் தடவை நான் பாதி வரியில் இருக்கும்போதே அவள் மீதியைச் சொல்லி முன்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தேன். அவள் கண் புத்தகத்தில் இல்லை, புங்கமரத்தில் இருந்தது.

நான் கேட்காமலேயே சொன்னாள். "எனக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. கையெழுத்து மட்டும் எங்க அண்ணன் போடக் கத்துக் குடுத்தான். அவன் பொய் சொன்னான், நான் வாயத் தொறக்கல. அதுல எனக்கும் பங்கு இருக்குது. உங்க நைனாகிட்ட சொல்லிடாத."

"அப்ப ஞாயித்திக்கெழம இன்னா பண்ணுவ?"

"நீ படி. மூணு தடவ காதுல உழுந்தா போதும், அப்புறம் போவாது. சின்னதுலேர்ந்து அப்பிடித்தான். ஆண்டவர் எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான். கோழி இருக்கறவங்க கோழி குடுக்கறாங்க. பூசணிக்கா இருக்கறவங்க பூசணிக்கா குடுக்கறாங்க. நான் இத்தக் குடுக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அடுத்த வாரத்துக்கான அதிகாரத்தையும் வசனங்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். சித்தி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அது விதை மல்லாட்டை உடைக்கிற காலம். கொல்லைக்காரர்கள் மூட்டையைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஈரம் தொட்டுத் தொட்டு உடைத்துச் சித்தியின் கட்டைவிரல் நுனி வெடித்திருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் படிக்க ஆரம்பிப்பேன். அவள் உடைத்துக்கொண்டே கேட்பாள். வசனத்துக்கு ஒரு மல்லாட்டையை உடைக்காமல் எடுத்து முறத்தில் வரிசையாக வைப்பாள். சின்ன வசனத்துக்கு ஒற்றைப் பருப்புக் காய். நீள வசனத்துக்கு மூன்று பருப்பு. எங்கே தாளைத் திருப்ப வேண்டுமோ அங்கே ஒரு கோணல் காய். சனிக்கிழமை அந்த வரிசையைத் தொட்டுத் தொட்டு முழுவதையும் சொல்லிப் பார்த்துவிட்டுக் காய்களை வரிசை கலையாமல் ஒரு துணியில் சுருட்டி முடிந்து வைப்பாள். மறுநாள் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். நான் பக்கம் பார்த்து விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை அடையாளம் வைத்துக் கொடுப்பேன். முன்னால் நின்று, குச்சி இருக்கிற இடத்தில் புத்தகத்தைத் திறந்து இடதுகையில் பிடித்துக்கொள்வாள். வலதுகை மடியில் இருக்கும். கோணல் காய் விரலில் பட்டதும் தாளைத் திருப்புவாள்.

அவள் வாசித்த விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் நடந்ததை வந்து சொல்கிற மாதிரி இருக்கும். எங்கே கோபமோ அங்கே குரல் தணியும். சின்னப் பிள்ளைகள்கூட வாய் மூடி உட்கார்ந்திருக்கும். இத்தனை நாள் இதுதான் எழுதியிருந்ததா என்று கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். எங்கள் தெருவிலேயே இருந்த அத்தைக்கு, நைனாவின் தங்கைக்கு, அது பொறுக்கவில்லை. "எங்கண்ணன் பொண்டாட்டி படிக்கறதக் கேட்டா ஏசுசாமி நம்ம தெருவுலதான் பொறந்து வளந்தாரு போலக்குது" என்றாள். பழிப்பதற்காகச் சொன்னாள். கேட்டவர்கள் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூன்று மாதம் என் கண்ணும் அவள் வாயும் சேர்ந்து ஒரு வாசிப்பாக இருந்தோம். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. படித்தது நான், பேர் வாங்கியது அவள். பள்ளிக்கூடத்தில் தடுமாறாமல் படிக்கிறவள் என்று வாத்தியார் என்னைத்தான் எழுப்புவார். இதைக் கோயிலில் யாருக்கும் சொல்ல முடியவில்லையே என்று எரிச்சல். ஒருநாள் சித்தி அடுப்புச் சாம்பலைப் பரப்பி, குச்சியால் ஒரு 'அ' போட்டு, சரியாக இருக்கிறதா பாப்பா என்று கேட்டாள். சுழி எதிர்ப்பக்கம் போயிருந்தது. சிரித்தேன். "உனக்கெல்லாம் வராது" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் அழித்துவிட்டாள். பிறகு போடவில்லை.

பிறகு சேலை விஷயம் வந்தது.

என் அம்மாவின் கல்யாணச் சேலை அரக்குக் கலர். தகரப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது பெட்டியைத் திறந்து அதில் முகத்தை வைத்துக்கொள்வேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் அம்மா இருப்பாள். பொங்கல் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கொடியில் அரக்குக் கலரில் ஒரு பாவாடை சட்டை தொங்குகிறது. என் அளவு. திண்டிவனத்தில் டெய்லரிடம் கொடுத்துத் தைத்தது, பண்டிகைக்குப் போட்டுக்கொள் என்றாள் சித்தி. பெட்டியில் சேலை இல்லை. பாவாடையை முகர்ந்து பார்த்தேன். மிஷின் எண்ணெய் வாசனைதான் வந்தது.

பல வருஷம் கழித்து அத்தையே இதைச் சொன்னாள். அந்தச் சேலையை அவள் நைனாவிடம் கேட்டிருந்தாளாம். நைனாவும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாராம். பெண்பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று சித்தி வாதாடிப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. இனி யாரும் கேட்க முடியாதபடி வெட்டி என் அளவுக்குத் தைத்துவிட்டாள். "கெட்டிக்காரி, எனக்கு நாமம் போட்டுட்டா" என்று அத்தை சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

பாவாடை வந்த வாரத்து ஞாயிறு உபதேசியார் சீட்டைக் கொடுக்கும்போது, அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை, திண்டிவனத்து ஐயர் வருகிறார், கொஞ்சம் நீளம், பதினேழு வசனம், பார்த்து வாசி என்று சொல்லியிருந்தார். சுவிசேஷத்தில் இருபத்தைந்தாம் அதிகாரம், பதினாலு முதல் முப்பது. உங்களுக்கே தெரியும், தாலந்துகளின் உவமை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், அதே பக்கத்தில், விளக்கேந்திய பத்துக் கன்னிகைகளின் உவமை. ஒன்று முதல் பதின்மூன்று.

நான் ஒன்றிலிருந்து படித்தேன்.

மூன்று தடவையும் அதையே படித்தேன். ஒரு தடங்கல் இல்லாமல் படித்தேன். சித்தி முறத்தில் காய்களை வைத்துக்கொண்டே வந்தாள். முடிந்ததும் விரலால் தொட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"பதினேழுன்னாரே பாப்பா உபதேசியாரு. பதிமூணுதான வருது."

ஆண்டவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்ட நேரம் அது. இன்றைக்கும் அந்த முறம் என் கண்ணில் நிற்கிறது.

"அவரு தப்பா சொல்லியிருப்பாரு" என்றேன். "புக்குல இதான் இருக்குது."

சித்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "புக்குல இருந்தா சரிதான்" என்று சொல்லி, பதின்மூன்று காய்களையும் துணியில் முடிந்தாள்.

பண்டிகை அன்று கோயில் நிறைந்துவிட்டது. முன்னால் பூசணிக்காய், கரும்புக் கட்டு, கேப்பைக் கதிர், கால் கட்டிய சேவல் ஒன்று. வெல்லமும் வைக்கோலும் வியர்வையுமாக ஒரு வாசனை. நான் அரக்குப் பாவாடையைப் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தேன். பதினாலாம் வசனம் முதல் முப்பதாம் வசனம் வரை என்று உபதேசியார் சத்தமாக அறிவித்தார். சித்தி புத்தகத்தைத் திறந்தாள். வலதுகை மடியில் போனது. அங்கேயே நின்றது. எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். நான் பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். கன்னிகைகள் புறப்பட்டார்கள். மூன்று வசனம் போயிருக்கும், ஐயர் தன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். உபதேசியார் கிட்டப்போய், பதினாலிலிருந்து படிம்மா என்று மெதுவாகச் சொன்னார். சித்தி நிறுத்தினாள். கன்னிகைகள் பாதி வழியில் நின்றுபோனார்கள். ஐயர் நல்ல மனிதர். கண்ணாடி இல்லாமல் தடுமாறுகிறாள் என்று நினைத்து அவரே இறங்கி வந்து புத்தகத்தில் விரலை வைத்து, இங்கிருந்து அம்மா என்றார். சித்தி அந்த விரலைப் பார்த்தாள். விரல் வைத்த இடத்தையும் பார்த்தாள். அவள் மடிக்குள் மல்லாட்டை ஒன்று நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா" என்றாள்.

இவ்வளவு நாள் வாசித்தது என்ன என்று உபதேசியார் கேட்டார். மனப்பாடமுங்க என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஐயர் கேட்டார். நான் இன்னொரு கோரையைப் பிய்த்தேன்.

"காதுல கேட்டதுங்க" என்றாள். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நைனா எழுந்து வெளியே போனார். சித்தி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நடுவழியே நடந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பதினேழு வசனத்தையும் ஐயரே வாசித்தார். அதன்மேல் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். தேவன் அவனவன் திறமைக்குத் தக்கதாகக் கொடுக்கிறார், எவ்வளவு என்பது கணக்கில்லை, வாங்கியதை மண்ணில் புதைப்பதுதான் குற்றம் என்று உருக்கமாகப் பேசினார். உங்கள் நடுவில் எத்தனை தாலந்து புதைந்து கிடக்கிறது என்று கையை நீட்டிக் கேட்டார். கை நீண்ட பக்கம்தான் தூண் இருந்தது.

எழுத்துத் தெரியாத ஒரு பெண் மூன்று மாதம், வாரம் ஒரு பகுதியை, ஒரு சொல் பிசகாமல் நெஞ்சில் சுமந்து வந்திருக்கிறாள். அதை அங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐயரும் எடுக்கவில்லை. ஆலயத்திலே வேஷம் போட்டாள், பொய்ப் படிப்பைச் சொல்லிக் கல்யாணம் பண்ணினாள் என்று மூப்பர்கள் கூடி மூன்று மாதம் திருவிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர்களை நான் இன்று குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத் தீர்ப்பு செய்தார்கள். தெரியாததைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், பத்து வயது, வாய் இருந்தது.

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தாள் என்று பிறகு கதை கட்டினார்கள். கொல்லை வேலையில், கிணற்றடியில், வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அது பொய். நேராகத்தான் பிடித்திருந்தாள். குச்சி வைத்துக் கொடுத்தது நான்.

நைனா அடிக்கவில்லை, திட்டவில்லை. கொஞ்ச நாள் அத்தை வீட்டில் சாப்பிட்டார். திரும்பி வந்த பிறகும், "பொய்யா வந்தவ" என்று எப்போதாவது ஒரு வார்த்தை. மூன்று மாதம் முடிந்து திருவிருந்து கொடுத்தார்கள். சித்தி முழங்காலில் நின்று வாங்கிக்கொண்டாள். ஆனால் கோயிலுக்குள் அவள் வாய் அதற்குப் பிறகு திறக்கவில்லை. பாட்டுக்கும் திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்துக்கும் உதடு அசையாது.

அந்தப் பங்குனியில் ஒருநாள், படிக்கட்டுமா சித்தி என்று புத்தகத்தை எடுத்துப்போனேன். அன்று நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

"வேணாம் பாப்பா" என்றாள். "உன் பாடத்தப் படி. கேட்டுக்கினு இருக்கறேன்."

அப்புறம் என் எட்டாவது வரைக்கும் பூகோளமும் சரித்திரமும் அவள் காதில்தான் போனது. பரீட்சைக்கு முன்னால் நான் தடுமாறினால் மல்லாட்டை உடைத்தபடியே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். முறத்தில் காய்களை மட்டும் வரிசையாக வைக்கவில்லை.

சித்திக்குப் பிள்ளை இல்லை. நைனா போன பிறகு என்னோடு விழுப்புரத்துக்கு வந்துவிட்டாள். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம், அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துப்போனேன். சிவப்பு ஓரம் வெளுத்துப்போயிருந்தது. படிக்கட்டுமா சித்தி என்று கேட்டேன். அத்தனை வருஷமாக வேணாம் என்றவள் அன்று கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். பதினாலாம் வசனத்தில் ஆரம்பித்தேன். முப்பதாம் வசனம் வரைக்கும் நிறுத்தாமல் போனேன்.

"இன்னொரு தடவ" என்றாள்.

திரும்பப் படித்தேன். இந்தத் தடவை அவள் வலதுகையைப் பார்த்துக்கொண்டே படித்தேன். இரண்டு விரலால் எதையோ எடுத்து எடுத்துப் போர்வைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தாளைத் திருப்பினேன். அங்கே அந்தக் கை கொஞ்சம் நின்று பிறகு நகர்ந்தது. முடித்தேன். கையும் நின்றது.

"பதினேழு" என்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "உபதேசியாரு சரியாத்தான் சொல்லியிருக்கறாரு."

நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னிச்சிடு சித்தி என்ற இரண்டு வார்த்தைக்கு எனக்கு அத்தனை வருஷமும் போதவில்லை, அந்த மத்தியானமும் போதவில்லை. மூன்றாம் தடவைக்குப் புத்தகத்தைத் திருப்பினேன். எழுத்தெல்லாம் கலங்கியது. துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் நர்ஸ் வந்து, பார்வை நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்றாள். நாளைக்கு என்று நானும் புத்தகத்தை மூடிவிட்டேன். விடிவதற்குள் போன் வந்துவிட்டது.

சித்திக்கு மூன்று தடவை வேண்டும். நான் இரண்டு தடவைதான் படித்தேன்.